இடுப்பளவு, வயது, மரபணு: இராமநாதபுரம் கரையில் ஓர் ஆய்வு எங்கே பிசகும்?

பாம்பனிலோ கீழக்கரையிலோ ஒரு வீட்டின் மூன்று தலைமுறையை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் கணக்கு உதைக்கும். பாய் விரித்து, துடுப்புப் போட்டுத் தொழில் செய்த தாத்தாவுக்கு எழுபதிலும் வயிறு ஒட்டியே இருக்கும். இன்ஜின் படகுக் காலத்தில் தொழிலுக்கு வந்த மகனுக்கு நாற்பதில் தொந்தி, நாற்பத்தைந்தில் சர்க்கரை. பேரன் பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் எண்பது கிலோவைத் தொட்டுவிடுகிறான். ஐம்பது வருடத்தில் ஒரு வம்சத்தின் மரபணு இப்படி மாறிவிடாது. ஆனால் உடல் எடையில் மரபணுவின் பங்கு 40 முதல் 70 சதவீதம் என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இரண்டும் எப்படிச் சேரும்?

சேரும். அந்தச் சதவீதம் ஓர் ஆளின் எடையைக் கூறுபோட்டுச் சொல்வதல்ல. எண்பது கிலோவில் ஐம்பது கிலோ அப்பா அம்மா கொடுத்தது என்று அதற்கு அர்த்தமில்லை. ஒரே காலத்தில், ஏறத்தாழ ஒரே சூழலில் வாழும் மக்களுக்குள் ஆளுக்கு ஆள் எடை வேறுபடுகிறதே, அந்த வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டோடு ஒட்டிப்போகிறது என்பதுதான் அது. சூழல் மாறினால் எண்ணும் மாறும். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் பல தலைமுறையாகச் சேர்த்த தரவை 2015-இல் பிரித்துப் பார்த்தபோது, எஃப்டிஓ என்ற மரபணுவின் மாற்றத்துக்கும் எடைக்கும் உள்ள தொடர்பு 1942-க்குப் பின் பிறந்தவர்களிடம் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு முன் பிறந்தவர்களிடம் ஏறக்குறைய இல்லவே இல்லை. மரபணு அதே மரபணுதான். அதற்கு வேலை கொடுத்தது காலம். நம் தாத்தாவிடமும் அந்த மாற்றம் இருந்திருக்கலாம். துடுப்புப் போட்ட உடம்பில் அதற்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

உடற்பருமனையும் முதுமையையும் சேர்த்துப் படிக்க, முனைவர் பட்டம் முடித்து இரண்டு மூன்று ஆண்டு நிதியோடு இந்தக் கரைக்கு வரும் ஆய்வாளருக்குப் பெரும் தலைவலி மரபணுவைப் படிப்பது அல்ல. அதைக் காசு கொடுத்தால் ஹைதராபாத்திலோ பெங்களூரிலோ படித்துக் கொடுத்துவிடுவார்கள். இடுப்பளவையும் வயதையும் சரியாகக் குறிப்பதுதான் கடினம். ஆய்வு நிற்பதும் விழுவதும் அங்கேதான். அதற்கு முன், தேடுவது எது என்று தெரிந்தாக வேண்டும்.

ஒற்றை மரபணுவும் ஓராயிரம் மரபணுவும்

உடற்பருமனில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பினால் ஆய்வு தொடக்கத்திலேயே தடம் மாறும்.

முதல் வகை அரியது, கடுமையானது. ஒரே ஒரு மரபணு பழுதானால் போதும். 1994-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டின் மரபணுவைக் கண்டுபிடித்தது. கொழுப்புச் செல்லிலிருந்து கிளம்பி, 'சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது' என்று மூளையின் ஹைப்போதலாமஸுக்குச் சொல்லும் ஹார்மோன் இது. மூன்றாண்டு கழித்து, கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் ஓ'ராஹிலியும் சதாஃப் ஃபாரூக்கியும் இருந்த குழு, லெப்டினே சுரக்காத இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதியது. எட்டு வயதுச் சிறுமி 86 கிலோ. இரண்டு வயதுச் சிறுவன் 29 கிலோ. இருவரும் உறவுக்குள் மணமுடிக்கும் பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பத்துப் பிள்ளைகள். அந்தச் சிறுமிக்கு லெப்டினை ஊசியாகக் கொடுத்தபோது பசி அடங்கியது, எடை இறங்கியது. 'வாயைக் கட்டத் தெரியாத பிள்ளை' என்று பழிக்கப்படும் சில குழந்தைகளுக்கு உண்மையில் ஒரு ஹார்மோன்தான் குறை என்று அன்று நிரூபணமானது.

உறவுக்குள் மணம் என்ற விவரம் நம் கரைக்கு நேரடியாகப் பொருந்தும். தமிழ்நாட்டில் நாலில் ஒரு கல்யாணமாவது அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று உறவுக்குள் நடக்கிறது. பழுதான பிரதி 200-க்கு ஒன்று என்ற அளவில் ஒரு சமூகத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உறவில்லாத இருவருக்குப் பிறக்கும் குழந்தைக்கு இரண்டு பிரதியும் பழுதாகக் கிடைக்கும் வாய்ப்பு 40,000-இல் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் கட்டினால் அது சுமார் 3,000-இல் ஒன்று. தாய்மாமனைக் கட்டினால் சுமார் 1,550-இல் ஒன்று. இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்தத் தேவையில்லை. 1,550-இல் 1,549 குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஆய்வாளருக்கு இது பெரிய திறப்பு. பாகிஸ்தானில் உறவுமணக் குடும்பங்களில் கடும் பருமன் உள்ள குழந்தைகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ 30 சதவீதம் பேரிடம் லெப்டின், லெப்டின் ஏற்பி (லெப்டினின் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதம்), எம்சி4ஆர் என்ற மூன்று மரபணுக்களில் ஒன்றில் பழுது கிடைத்தது. உறவுமணம் அரிதான நாடுகளில் இந்த விகிதம் மிகக் குறைவு.

இரண்டாவது வகைதான் நம்மில் பெரும்பாலோருடையது. நூற்றுக்கணக்கான இடங்களில் சின்னச் சின்ன மாற்றங்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் தள்ளும். 2007-இல் 16-ஆம் குரோமோசோமில் பிடிபட்ட எஃப்டிஓதான் இவற்றில் பெரியது. அதன் எடை கூட்டும் வடிவம் ஒரு பிரதி இருந்தால் சராசரியாக 1.2 கிலோ கூட்டும். இரண்டும் இருந்தால் 3 கிலோ. பெரியதே இவ்வளவுதான்! 2018-இல் ஏழு லட்சம் பேரை வைத்து 941 மாற்றங்களைக் கண்டுபிடித்தார்கள். எல்லாம் சேர்ந்தும் எடை வேறுபாட்டில் 6 சதவீதத்தைத்தான் விளக்கின. அடுத்த ஆண்டு, 21 லட்சம் மாற்றங்களைக் கூட்டி ஒரு மதிப்பெண் போட்டுப் பார்த்தார்கள். மேல் பத்து சதவீதத்தினருக்கும் கீழ்ப் பத்து சதவீதத்தினருக்கும் பிறக்கும்போது இருந்த எடை வித்தியாசம் 60 கிராம்தான். நடுவயதில் அது 13 கிலோ ஆகியிருந்தது. உடற்பருமன் மரபணுவும் முதுமையும் ஒரே கேள்வியின் இரண்டு முனைகள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை: வயது ஏற ஏறத்தான் மரபணு தன் கணக்கை எழுதுகிறது.

இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு எச்சில் வாங்கி 'உங்கள் குண்டு ஜீன்' என்று அறிக்கை அனுப்பும் வியாபாரம் பெரும்பாலும் எஃப்டிஓ போன்ற பத்துப் பன்னிரண்டு மாற்றங்களை வைத்து ஓடுவது. கடலில் கரைத்த பெருங்காயம். 21 லட்சம் மாற்றங்களின் மதிப்பெண்ணும் ஐரோப்பியத் தரவில் தேய்த்தெடுத்தது. தெற்காசியர்களிடம் இவ்வகை மதிப்பெண்களின் துல்லியம் ஒன்றரை மடங்குக்கு மேல் சரிகிறது. பிஎம்ஐயை, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கை, மட்டும் குறிவைத்ததும் நமக்குக் குறைதான். 2004-இல் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் பேராசிரியர் ஜான் யுட்கினும் தங்கள் இருவர் உடலையும் அளந்து லான்செட் இதழில் போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யுட்கினுக்கு உடல் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. தராசில் நிற்கும்போது நாம் ஒல்லி. உள்ளே கொழுப்பு வேறு கதை. அதனால்தான் இந்தியர்களுக்கு 23-லேயே அதிக எடை, 25-லேயே பருமன் என்றும், இடுப்பு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டக் கூடாது என்றும் எல்லை வகுத்தார்கள். எம்சி4ஆர் பக்கத்தில் உள்ள ஒரு மாற்றம் இடுப்பளவோடும் இன்சுலின் எதிர்ப்போடும் தொடர்புடையது என்பது 2008-இல் லண்டனில் வாழும் தெற்காசியர்களிடம்தான் தெரிந்தது. ஐரோப்பியர்களைவிட அது நம்மவர்களிடம் அதிகம்.

கொழுப்பும் கிழமும் சந்திக்கும் இடம்

1993-இல் சிந்தியா கென்யன் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் டாஃப்-2 என்ற ஒரே மரபணுவைத் தளர்த்தினார். புழு இரண்டு மடங்கு காலம் வாழ்ந்தது. அந்த மரபணு நம் உடலில் உள்ள இன்சுலின் ஏற்பிக்கும் அதன் உறவுக்கார ஏற்பிக்கும் இணையானது. பத்தாண்டு கழித்து பாஸ்டனில் ரொனால்ட் கான் குழு, கொழுப்புச் செல்களில் மட்டும் இன்சுலின் ஏற்பியை நீக்கிய சுண்டெலியை வைத்துப் பார்த்தது. மற்ற எலிகள் தின்ற அளவே தின்றும் அது மெலிந்திருந்தது. ஆயுள் 18 சதவீதம் கூடியது. குறைவாகத் தின்பதுதான் ஆயுளைக் கூட்டுகிறதா, கொழுப்பு குறைவதா என்ற பழைய வழக்கில் இது ஒரு முக்கியமான சாட்சி.

எதிர்ப்பக்கச் சாட்சி நம் நாட்டிலேயே இருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் எலிப் பண்ணையில் தானாகத் தோன்றிய பருமன் வகை ஒன்றை டபிள்யூஎன்ஐஎன்-ஓபி என்ற பெயரில் வளர்த்து வருகிறார்கள். தீராத பசி, ரத்தத்தில் மட்டுமீறிய லெப்டின். கூடவே கண்புரை, கட்டிகள், குறைந்த ஆயுள். பருமனும் முன்கூட்டிய முதுமையும் ஒரே எலியில். இதை வைத்து வேலை செய்ய வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை என்பது போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) தேடும் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை.

மனிதரில் முதுமையை அளக்க இன்று அதிகம் பயன்படுவது எபிஜெனடிக் கடிகாரம். டி.என்.ஏ. எழுத்துகளின் மேல் மீத்தைல் என்ற சிறு வேதிக்குறி ஒட்டும், விலகும். வயதாக ஆக எந்த இடத்தில் ஒட்டும், எங்கே விலகும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. 2013-இல் ஸ்டீவ் ஹார்வத் 353 இடங்களை வைத்து ஒரு சூத்திரம் போட்டார்; சராசரியாக 3.6 ஆண்டுப் பிசகுக்குள் வயதைச் சொல்லும். மறு ஆண்டு, பிஎம்ஐ 10 கூடினால் கல்லீரலின் வயது 3.3 ஆண்டு முந்துகிறது என்றும் அவர் குழு காட்டியது. ரத்தத்தில் பருமனின் விளைவு இதைவிடக் குறைவு. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், கீழே தேவைப்படும். குரோமோசோம் முனையான டெலோமியரின் நீளத்தை, டி.என்.ஏ.வைப் பிரதியெடுத்துப் பெருக்கும் சாதாரண பிசிஆரில் அளக்கும் முறை மலிவு. ஆனால் ஒரே ரத்தத்தை இரண்டு நாள் அளந்தால் இரண்டு விடை வரும். சிறிய ஆய்வில் அதை நம்பி இறங்குவது வீண்.

வயதானபின் மட்டுமே முகம் காட்டும் மரபணு மாற்றத்துக்கு நம் துணைக்கண்டத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜ் தலைமையில் 2009-இல் வந்த ஆய்வு, இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 எழுத்து விடுபட்ட வடிவம் தெற்காசியர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாலு பேரிடம் இருப்பதாகச் சொன்னது. இளமையில் பெரும்பாலும் தொந்தரவில்லை. நடுவயது தாண்டித்தான் இதயம் தளரத் தொடங்கும். பிள்ளை பெற்று முடித்தபின் வரும் கேட்டை இயற்கைத் தேர்வு கண்டுகொள்வதில்லை. அதனால்தான் இவ்வளவு பேரிடம் தங்கிவிட்டது. விடுபடல் மட்டுமே காரணமா, அதனோடு ஒட்டி வரும் இன்னொரு மாற்றமும் உண்டா என்ற விவாதம் பின்னர் எழுந்தது. எப்படியானாலும், தளரும் இதயத்தின் மேல் தொந்தியும் ரத்தக் கொதிப்பும் ஏறினால் என்னாகும் என்பது இந்தக் கரையில் கேட்கத் தகுந்த கேள்வி.

வயது என்ன?

இந்த ஒரு கட்டத்தை நிரப்புவதில்தான் பல ஆய்வுகள் கவிழ்கின்றன. அறுபது தாண்டியவர்களின் ஆதார் அட்டையைப் பார்த்தால் பலருக்குப் பிறந்த நாள் ஜனவரி 1. நாளும் மாதமும் தெரியாதவர்களுக்கு இயந்திரம் போட்ட நாள் அது, வருடமும் குத்துமதிப்பு. முகாமில் நேரே கேட்டால் வயது 60, 65, 70 என்று ஐந்தின் மடங்குகளில் குவியும். முதியோர் உதவித்தொகைக்காகக் கூட்டிச் சொன்ன வயது வேறு இருக்கும்.

இப்போது ஹார்வத் எண்களுக்கு வருவோம். அட்டை வயது ஐந்தாண்டு தவறு என்றால், பருமனால் வரக்கூடிய இரண்டு மூன்றாண்டு முந்துதல் அதற்குள் மூழ்கிப்போகும். இன்னும் மோசம், பிசகு ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் இல்லாத முதுமையைக் கண்டுபிடித்து எழுதிவிடுவோம்.

கைகொடுப்பது ஊர் நிகழ்வு நாட்காட்டி. இந்தக் கரைக்கு அது நன்றாகவே அமையும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல். 1969 பிப்ரவரியில் அண்ணா மறைவு. 1983-இல் இலங்கை அகதிகள் மண்டபம் முகாமுக்கு வரத் தொடங்கியது. 1987 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எம்.ஜி.ஆர். மறைவு; 1988 அக்டோபரில் பாம்பன் சாலைப் பாலம் திறப்பு. "புயலடிச்சப்போ நீங்க எவ்ளோ பெரிய ஆளு ஆச்சி?" என்று கேட்டால் "எந் தம்பிய இடுப்புல தூக்கிட்டு ஓடுனேன்" என்று பதில் வரும். தம்பியைத் தூக்கும் பெண்ணுக்கு ஆறேழு வயதாவது இருந்திருக்க வேண்டும். அப்படியானால் பிறப்பு 1957, 1958 பக்கம். இதை மட்டும் நம்பாமல், வயதுக்கு வந்தது, கல்யாணம், மூத்த பிள்ளை பிறந்தது ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டு, மூத்த பிள்ளையின் பள்ளிச் சான்றிதழோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். மூன்று வழியில் வந்த விடைகள் இரண்டாண்டுக்குள் ஒத்துப்போனால் வயதை ஏற்கலாம். போகாவிட்டால் அவரை எடை, சர்க்கரைக் கணக்கில் வைத்துக்கொண்டு, கடிகாரக் கணக்கிலிருந்து விலக்குவதே நேர்மை. ஆளுக்குப் பதினைந்து நிமிடம் பிடிக்கும் வேலை. மீத்தைல் சோதனைக்குச் செலவாகும் தொகையோடு ஒப்பிட்டால் அந்தப் பதினைந்து நிமிடம் சும்மா கிடைத்த மாதிரி.

நாடாவுக்கு அடியில்

இடுப்பளவு எடுக்க வேண்டிய இடம் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நட்டநடு. தொப்புள் அல்ல, தொப்புள் தொந்தியோடு இறங்கிவிடும். நீளாத டேப், தரைக்குக் கிடையாக, சாதாரணமாக மூச்சு விட்டு முடிக்கும் தருணத்தில். இரண்டு முறை எடுத்து, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது.

இவ்வளவும் எந்தக் கையேட்டிலும் இருக்கும். இருக்காதது: பெண்களின் பாவாடை நாடா. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டியதில் அங்கே தழும்போடு ஒரு பள்ளம் விழுந்திருக்கும். டேப் தானாக வழுக்கி அந்தப் பள்ளத்தில் போய் உட்காரும். அளவு குறைந்து வரும், 80 என்ற எல்லையில் நிற்கும் பெண் தப்பித்துவிடுவார். சேலை மேல் வைத்து அளந்தால் கொசுவ மடிப்புக்குக் கூடி வரும். பெண் அளவையாளர், மறைப்பு, நாடாவைத் தளர்த்திச் சில நிமிடம் பொறுத்தல், எலும்பை விரலால் தடவி மைக்கோடு போடுதல் என்று வரிசையாகச் செய்தால்தான் அளவு நிற்கும். ஆண்களுக்குக் கைலிச் சுருட்டும், பணமும் பீடியும் வைக்கும் பெல்ட்டும்.

எடை மிஷினை மணலிலோ சாணம் மெழுகிய தரையிலோ வைத்தால் தவறாகக் காட்டும். அடியில் ஒட்டுப்பலகை போட வேண்டும். உயரத்தில் முதுமை நேராகவே குறுக்கிடும். முதுகு வளைந்து தண்டெலும்பு அமுங்கிய பாட்டிக்கு ஐந்து சென்டிமீட்டர் குறைந்திருந்தால், எடை கூடாமலே பிஎம்ஐ ஒன்றரை கூடிவிடும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு முழங்கால் உயரத்தையோ இரண்டு கை விரிப்பின் நீளத்தையோ கூடவே எடுத்து வைப்பது பிற்பாடு காப்பாற்றும். கைப்பிடி வலுவையும் அளக்கலாம். தசை கரைந்து கொழுப்பு ஏறிய உடம்பு தராசில் மாறாத எடையைக் காட்டும்.

எப்போது அளப்பது என்பதும் கேள்வி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். உழைப்பு, வருமானம், சாப்பாடு எல்லாம் மாறும் இரண்டு மாதம். பாம்பன் ஆண்களைத் தடைக்காலத்திலும் தொண்டி ஆண்களைத் தொழில் நாட்களிலும் அளந்துவிட்டு, வித்தியாசத்துக்கு மரபணுவில் காரணம் தேடுவது வீண்வேலை. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ரமலான் மாதத்தைத் தவிர்க்க வேண்டும். பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விடியுமுன்பே கிளம்பிவிடுவார்கள். முகாமைத் தொழில் நாளில் போட்டால் வருபவர்கள் கிழவர்களும் ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும்தான். வீட்டுப் பட்டியலிலிருந்து குலுக்கி ஆளெடுத்து, படகு போகாத நாளில் வீட்டுக்கே போவதுதான் வழி. இரவு கடலில் இருந்தவர் "வெறும் வயிறுதான்" என்பார். படகில் நாலு மணிக்குக் குடித்த சீனி போட்ட தேநீர் அவர் கணக்கில் சாப்பாடு இல்லை. "கடைசியா எப்ப, என்ன குடிச்சீங்க?" என்று கேட்க வேண்டும்.

குழாயிலிருந்து கணினி வரை

டி.என்.ஏ. வெயிலுக்கு அவ்வளவு அஞ்சாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ போட்ட ஊதா மூடிக் குழாயில் 3 மில்லி ரத்தம், ஐஸ்பெட்டியில் மூன்று நான்கு நாள் இருந்தாலும் பிரித்தெடுக்கலாம். 200 மைக்ரோலிட்டரிலேயே 4 முதல் 8 மைக்ரோகிராம் கிடைக்கும். மரபணுச் சிப்புக்கும் மீத்தைல் சோதனைக்கும் சேர்த்தே ஒரு மைக்ரோகிராம் போதும். ஹெப்பாரின் குழாயில் மட்டும் எடுத்துவிடக் கூடாது. அது பிசிஆரைக் கெடுக்கும்.

வெயிலில் ஏமாற்றுவது குளுக்கோஸ். குழாய்க்குள்ளும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்திலேயே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் இறங்கும், சித்திரை வெயிலில் இன்னும் வேகம். 128 இருந்த சர்க்கரை இரண்டு மணி நேரத்தில் 115-க்குக் கீழே வந்து, நீரிழிவுக்காரர் ஏட்டில் நீரிழிவு இல்லாதவராகிவிடுவார். சாம்பல் மூடிக் குழாயின் ஃப்ளோரைடு இதைத் தடுக்கும் என்று நம்பி விட்டுவிடுகிறார்கள். அது முழுதாக வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எடுத்தவுடன் ஐஸில் வைத்து, அரை மணிக்குள் முகாமிலேயே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். சிறிய சென்ட்ரிஃபியூஜும் இன்வெர்ட்டரும் இல்லாமல் இராமேஸ்வரத்திலிருந்து மதுரை வரை ரத்தத்தை அப்படியே அனுப்பினால், வழியிலேயே பாதி நீரிழிவு குணமாகியிருக்கும்.

மீத்தைல் சிப் ஒன்றில் எட்டு மாதிரி. கீழக்கரை எல்லாம் ஒரு சிப், பாம்பன் எல்லாம் ஒரு சிப் என்று அடுக்கினால், சிப்புக்குச் சிப் வரும் இயந்திர வேறுபாடு ஊருக்கு ஊர் வேறுபாடாக வேடம் போடும். ஊர், பால், வயது, எடை எல்லாவற்றையும் கலந்து குலுக்கிப் போட்டு, ஒரே ஆளின் மாதிரியை இரண்டு இடத்தில் ஒளித்து வைக்க வேண்டும். புகைப்பதையும் கேட்டு வைக்க வேண்டும். மீத்தைல் அடையாளத்தைப் புகையிலை பலமாக மாற்றும். "பீடியா? அதெல்லாம் விட்டாச்சு" என்பவரின் ரத்தத்தில் ஏஹெச்ஆர்ஆர் என்ற மரபணுவின் மீத்தைல் அளவு வேறு சொல்லும்.

கணினியில் உட்கார்ந்தபின் முதல் அடி உறவுமுறையில் விழும். முகாமுக்கு அக்கா வீடும் தங்கை வீடும் சேர்ந்தே வந்திருக்கும். சொந்தம் என்று தெரியாதவர்களும் ஊருக்குள்ளேயே பல தலைமுறை மணமுடித்ததால் தூரத்துச் சொந்தமாகவே இருப்பார்கள். இவர்களைத் தனித்தனி ஆட்களாக எண்ணினால் பொய்த் தொடர்புகள் மழையாகக் கொட்டும். உறவைக் கணக்கில் எடுக்கும் கலப்பு மாதிரிகளைப் பயன்படுத்த வேண்டும். இன்னொன்று ஹார்டி-வைன்பர்க் சோதனை: ஒரு மரபணு வடிவம் ஒற்றையாகவும் இரட்டையாகவும் எத்தனை பேரிடம் இருக்க வேண்டும் என்ற சமநிலைக் கணக்கோடு தரவு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. அந்தச் சமநிலையிலிருந்து விலகும் இடங்களைச் சிப்பின் தவறு என்று தூக்கியெறிவது வழக்கம். உறவுமணமுள்ள ஊரில் ஒரே மாதிரிப் பிரதி இரட்டையாக இருப்பது இயல்பாகவே கூடும். ஐரோப்பியத் தரவுக்கு வைத்த வடிகட்டியை இங்கே அப்படியே போட்டால், தேடி வந்ததையே வடிகட்டி வெளியே ஊற்றிவிடுவோம்.

இரண்டாயிரம் பேரை வைத்துப் புது எடை மரபணு கண்டுபிடிக்கலாம் என்று விண்ணப்பத்தில் எழுதுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். எஃப்டிஓ போன்ற பெரிய மாற்றம்: ஒரு பிரதிக்கு பிஎம்ஐ 0.4, மக்களிடம் 30 சதவீதம். மரபணுத் தொகுப்பு முழுவதையும் தேடும்போது கேட்கப்படும் கடும் எல்லையில் இதை 80 சதவீத உறுதியோடு பிடிக்க ஏறத்தாழ 12,000 பேர் வேண்டும். ஏற்கெனவே தெரிந்த இந்த ஒன்றை மட்டும் சரிபார்க்கவே 2,300. தனி ஆளாகப் புதியதைத் தேடுவதைவிட, கரையில் கவனமாக அளந்த தரவை ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 பேர் மரபணு வரிசையை ஆதாரமாக வைத்து, சிப் படிக்காத இடங்களை நிரப்பி, பெரிய கூட்டாய்வில் சேர்ப்பது பயன்தரும். வயதோடு எடை எப்படி மாறுகிறது என்பதையும் ஒரே நாளில் அளந்து சொல்லிவிட முடியாது. எண்பதில் மெலிந்திருப்பவர் எப்போதுமே மெலிந்திருந்தவரா, பருத்திருந்த கூட்டாளிகள் போய்ச் சேர்ந்தபின் மிஞ்சியவரா என்று அந்த ஒருநாள் அளவு சொல்லாது.

இரண்டாண்டு நிதியில் இந்தக் கரையில் முடிக்கக்கூடியதும் உடனே பலன் தருவதும் குழந்தைகளிடம்தான் இருக்கிறது. பிறக்கும்போது சாதாரண எடை, முதல் ஆண்டுக்குள்ளேயே கட்டுக்கடங்காத பசி, ஐந்து வயதுக்குள் கடும் பருமன், பெற்றோர் உறவு: இந்த நான்கும் சேர்ந்த பிள்ளைகளை ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்கள், அங்கன்வாடி எடைப் பதிவேடுகள் வழியாகத் தேடலாம். முதலில் ரத்த லெப்டின் அளவு. அது அறவே இல்லையென்றால் லெப்டின் மரபணு. லெப்டின் இயல்பாகவோ அதிகமாகவோ இருந்தால் லெப்டின் ஏற்பி, எம்சி4ஆர், பிஓஎம்சி, பிசிஎஸ்கே1 என்ற மரபணுக்கள். லெப்டின் இல்லாத குழந்தைக்கு மெட்ரெலெப்டின் ஊசி உண்டு. ஏற்பி, பிஓஎம்சி, பிசிஎஸ்கே1 பழுதுகளுக்கு செட்மெலனோடைடு என்ற மருந்தை 2020-இல் அமெரிக்கா அனுமதித்தது. இரண்டுமே விலை அதிகம், சாதாரண மருந்துக்கடையில் கிடைப்பவை அல்ல. ஆனால் பெயர் சொல்லக்கூடிய நோய் என்று தெரிந்த அன்றே, அந்தத் தாயிடம் 'நீ ஊட்டி ஊட்டிக் கெடுத்தாய்' என்று தெரு பேசுவதற்குப் பதில் கிடைத்துவிடும். அடுத்த பிள்ளைக்கு அதே குறை வர நாலில் ஒரு வாய்ப்பு என்பதையும், தம்பி தங்கைகளையும் சோதிக்க வேண்டும் என்பதையும் அந்த வீட்டில் உட்கார்ந்து தமிழில் விளக்கிச் சொல்ல ஓர் ஆளுக்கான சம்பளத்தை, நிதி விண்ணப்பம் எழுதும்போதே வரவு செலவில் சேர்த்துவிட வேண்டும். பிற்பாடு கேட்டால் தர மாட்டார்கள்.